கட்டுமானக் கம்பெனியில் கோடிங்: ஒரு பில்லை வைத்துப் படிப்போம்

சாஃப்ட்வேர் வேலைன்னு சொன்னதும் நமக்கு ஐடி கம்பெனிகள்தான் ஞாபகம் வரும். ஆனா அபார்ட்மென்ட், பாலம், மெட்ரோ கட்டுற கம்பெனிகளிலும் டெவலப்பர்கள் இருக்காங்க. அவங்க எழுதுற சாஃப்ட்வேர் வெளியே விற்பனைக்குப் போகாது, கம்பெனிக்குள்ளேயே ஓடும். சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, ஸ்டோரில் எவ்வளவு கம்பி இருக்கு, யாருக்கு எவ்வளவு பில் பாஸ் ஆகணும், இதெல்லாம்தான் அதோட வேலை.

கேட்க சிம்பிளா இருக்கும். ஆனா இங்கே ஒரு லாஜிக் தப்பினால் சைட்டில் ஒருத்தரோட கூலி குறையும். எப்படின்னு ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம்.

ரன்னிங் பில் என்றால் என்ன?

ஒரு கட்டடம் முடிய மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். அதுவரை காசு வாங்காம யாராலும் வேலை செய்ய முடியாது. அதனால் முடிந்த வேலையை அப்பப்போ அளந்து பில் போடுவாங்க. இதுதான் ரன்னிங் அக்கவுன்ட் பில், சுருக்கமா ஆர்ஏ பில். சைட் இன்ஜினியர் நீளம், அகலம், உயரம் அளந்து மெஷர்மென்ட் புக்கில் எழுதுவார். அந்த அளவை ஒப்பந்த ரேட்டால் பெருக்கினா தொகை வரும்.

முக்கியமான விஷயம், இது கூட்டிக்கொண்டே வருகிற கணக்கு:

இந்த பில் = இதுவரை செய்த மொத்த வேலை − போன பில் வரை காட்டிய வேலை

ஒரு உதாரணம்

செங்கல் கட்டு வேலை எடுத்த ஒரு மேஸ்திரி. கூலி ரேட் கனமீட்டருக்கு ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் பில்லில் 120 கனமீட்டர் எழுதி, பணமும் கொடுத்தாச்சு. அடுத்த மாதம் புதுசா 80 கட்டியிருக்காங்க. அளக்கும்போதுதான் தெரியுது, போன தடவை ஒரு சுவர் விட்டுப்போயிருக்கு. அது 8 கனமீட்டர்.

கூட்டல் முறையில் இதுவரை மொத்தம் 208. அதில் 120 போக, இந்த பில் 88. விட்டுப்போன சுவர் தானா உள்ளே வந்துடுச்சு.

இப்போ ஷாப்பிங் ஆப் மாதிரி யோசித்து, ஒவ்வொரு பில்லையும் தனித்தனி ஆர்டரா டேட்டாபேஸில் வைத்தால்? முதல் பில் பாஸ் ஆகி லாக் ஆயிடுச்சு. இரண்டாவது பில் இந்த மாத வேலையான 80-ஐ மட்டும் கேட்கும். அந்த 8-ஐ எழுத இடமே இல்லை.

பிடித்தம் 5 சதவீதம் ரிடென்ஷன், 1 சதவீதம் டிடிஎஸ் என்று எடுத்தால் (ஜிஎஸ்டியை இங்கே விட்டுவிடுவோம்):

88 கனமீட்டர்: 88,000 − 4,400 − 880 = ரூ.82,720
80 கனமீட்டர்: 80,000 − 4,000 − 800 = ரூ.75,200

வித்தியாசம் ரூ.7,520. இந்தப் பணத்தில்தான் மேஸ்திரி கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்கணும். ஸ்கிரீனில் எரர் எதுவும் வராது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாவே இருக்கும். தப்பு டேபிள் டிசைனில்.

டிசைன் எப்படி இருக்கணும்?

ஒவ்வொரு அளவும் தனி வரி: தேதி, இடம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம். எழுதின வரியை அழிக்கக் கூடாது. விட்டுப்போனால் புது வரி, அதிகமா எழுதியிருந்தால் மைனஸ் வரி. பில் தொகை இந்த வரிகளின் கூட்டலில் இருந்து வரணும். அப்போதான் ஆறு மாதம் கழித்து யார் கேட்டாலும் காரணம் காட்ட முடியும்.

இன்னும் மூணு விஷயம்

1. ரவுண்டிங்: சைட்டில் கம்பியை மீட்டரில் அளப்பாங்க, வாங்குவது டன்னில். ஒரு மீட்டர் எடைக்கு ஃபார்முலா, விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 162. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.889 கிலோ. இதை 0.9 என்று ரவுண்ட் பண்ணினால், 10,000 மீட்டருக்கு 111 கிலோ அதிகமா செலவானதா கணக்கு காட்டும். அந்த 111 கிலோ ஸ்டோரில் கணக்கில்லாம கிடக்கும். காணாமப்போனாலும் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ரவுண்டிங் கடைசியில் மட்டும். பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் டைப் போடுங்க.

2. சிக்னல்: பேஸ்மென்ட்டில் நெட் கிடைக்காது. டேட்டாவை முதலில் போனில் சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பணும். ஒரே வரி இரண்டு தடவை போனாலும் ஒன்றாவே பதிய, போனிலேயே ஒவ்வொரு வரிக்கும் தனி ஐடி கொடுத்துடணும்.

3. அளக்கும் விதி: செங்கல் சுவரில் 0.1 சதுர மீட்டர் வரையான திறப்புகளைக் கழிக்க வேண்டாம்னு ஐஎஸ் 1200 சொல்லுது. இது தெரியாம எல்லா ஓட்டையையும் கழித்தால் அதுவும் கூலியில்தான் விழும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டு ஒருத்தரைப் பிடிங்க. குவான்டிட்டி எஸ்டிமேஷன் பாடத்தில் அளவு எடுக்கிற விதம் அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எஸ்க்யூஎல் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன ஆர்ஏ பில் ஆப் பண்ணிப் பாருங்க. முதல் டெஸ்ட் கேஸ், அந்த விட்டுப்போன சுவர். 88 வந்தால் உங்க டிசைன் பாஸ்.