பூனைக்கும் பொழுது போக வேண்டாமா?

மேலை நாடுகளில், பார்வைக்குக் கீரியை ஒத்த ஃபெரெட் என்னும் பிராணியை வீட்டில் வளர்த்து, அதற்குப் பொம்மைகளும் செய்து கொடுக்கிறார்கள். நாம் கீரி வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் வீடுகளில் இருப்பது பூனைதான். அது வேட்டைப் பிராணி. துரத்த ஒன்றுமில்லாவிட்டால் திரைச்சீலையைக் கிழிக்கும், குற்றம் அதனுடையதன்று.

பனையோலையை இறுக்கிப் பின்னி, உள்ளே இரண்டு புளியங்கொட்டைகளை இட்டால் கிலுகிலுப்பை ஆயிற்று. ஓலை பிரிந்தால் எறிந்துவிட வேண்டும். காலி அட்டைப் பெட்டியில் துளைகள் போட்டு, ஒன்றின் வழியே தென்னை ஈர்க்கை ஆட்டினால், பூனை மற்றொன்றில் கையை விட்டுத் துழாவும். காசே செலவில்லை!

நூல் உருண்டை மட்டும் ஆகாது. படப் புத்தகங்களில் பூனை அதனோடுதான் விளையாடுகிறது. வரைந்தவர்கள் பூனை வளர்த்ததில்லை போலும்! பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உட்புறமாக வளைந்தவை. அவற்றில் சிக்கிய நூலைத் துப்ப இயலாமல் பூனை விழுங்கிவிடும். அது குடலைச் சுருக்கி அறுத்தும் விடலாம். ஆகவே தையல் முடிந்ததும் கம்பளி நூலையும், அம்மா பூத்தொடுத்ததும் மிஞ்சிய வாழைநாரையும் நாம் எடுத்து மூடி வைப்போம். வாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.