தோழனைத் தாங்கும் தோழன்



கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவனை நால்வர் சுமந்து வந்து, உள்ளே செல்ல வழியில்லாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினர் என்று புனித மாற்கு எழுதுகிறார். ஆண்டவர் கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. தானாக எழ முடியாதவனை அவன் தோழர்கள் தூக்கிவரலாம் என்பதே பாடம். தெருவில் அலைந்த இளைஞரிடையே இதைச் செயலில் காட்டியவர் புனித தொன் பொஸ்கோ.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் தூரின் நகருக்கு வேலை தேடி நாட்டுப்புறச் சிறுவர்கள் பலர் வந்தனர். விடுதலையான சிறுவர்கள் மீண்டும் சிறைக்கே திரும்புவதைத் தொன் பொஸ்கோ கண்டார். வெளியே அவர்களைத் தாங்க எவருமில்லை. எனவே உறைவிடம் கொடுத்தார், தொழில் பழக்கினார். எசமானர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும் என்று உறுதி பெற்றார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. 1850இல் தொழில் செய்யும் இளைஞரைக் கொண்டே பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் சிறு காசு கட்டினர். நோயுற்ற, வேலையிழந்த தோழனுக்கு அதிலிருந்து உதவி சென்றது. உதவி பெற்றவனே உதவி செய்பவனானான். 1856இல் தொமினிக் சாவியோவும் நண்பர்களும் அமலோற்பவ மாதா சபையைத் தொடங்கினர். வாரந்தோறும் கூடி, வழிதவறும் மாணவரை ஆளுக்கொருவராய்ப் பொறுப்பேற்றனர்.

மிக்கேல் மகோனே என்பவன் தந்தையை இழந்தவன். கார்மஞோலா ரயில் நிலையத்தடியில் திரிந்த சிறுவர் கூட்டத்துக்குத் தலைவன். 1857இல் அவனை ஏற்ற தொன் பொஸ்கோ, நல்ல மாணவன் ஒருவனை அவனுக்குத் துணையாக நியமித்தார். ஒரு மாதம் ஓடியாடிய மிக்கேல் பின்னர் துயருற்றான். அதை அறிந்து, அவன் மனம் திறக்க வைத்தவன் அத்தோழனே. அதன் பின்னரே குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து அமைதி பெற்றான். எழுதத் தெரியாதோருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு மாறினான். 1859 சனவரியில், 13 வயதில், இறைவனடி சேர்ந்தான்.

பெரியவரிடம் சொல்லாததை இளைஞன் தன் வயதினனிடம் சொல்வான். ஆனால் அத்தோழனைத் தனியே விட்டுவிடலாகாது. அவனுக்குப் பின்னால் வழிகாட்டும் பெரியவர் ஒருவர் வேண்டும். போதைப்பொருள், வன்முறை போன்றவற்றின் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது.

பெற்றோரே, பஸ் நிலையத்திலும் சந்தையிலும் நிற்கும் பிள்ளையைக் கண்டு, "அந்தப் பெடியனோடு சேராதே" என்கிறோம். அச்சம் நியாயமானதே. ஆனால் நல்லவர்கள் எல்லோரும் விலகினால், அவனை ஏற்க யார் மிஞ்சுவர்? தெருக்கூட்டம் மட்டுமே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளை எவராவது எம் அயலில் உண்டா? அவர் பெயர் எமக்குத் தெரியுமா?

2. எமது பங்கின் இளைஞர் மன்றத்தில் அவருக்கு ஓர் இடமும், அவரை அழைத்துவர ஒரு தோழனும் உண்டா?