ஈவுத் தொகையை நம்பி ஈ.டி.எஃப். வாங்கலாமா?



ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வந்த காவடிக் கூட்டம் கலைந்த பிறகு, நம் ஆர்.கே.பேட்டை கடைகளில் சிலர் கையில் கொஞ்சம் ரொக்கம் நிற்கும். அப்படி ரொக்கம் வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், "ஈ.டி.எஃப். வாங்கினால் ஈவுத் தொகை வருமாமே, அதில் கடை வாடகை கட்டிவிடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஈ.டி.எஃப். என்பது பல கம்பெனிப் பங்குகளை மொத்தமாக வாங்கிவைத்து, அதைச் சிறு யூனிட்டுகளாக்கிப் பங்குச் சந்தையில் விற்கும் நிதி. நம் நாட்டில் முதலாவது, 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் தொடங்கிய நிஃப்டி பீஸ். சில கைகள் மாறி, இப்போது நிப்பான் இந்தியா வசம் இருக்கிறது. நிஃப்டியின் 50 கம்பெனிகளும் அதற்குள் அடக்கம்.

ஓராண்டில் கிடைத்த ஈவுத் தொகையை இன்றைய விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது ஈவு விகிதம். நிஃப்டிக்கு அண்மை ஆண்டுகளில் இது பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை சதவீதத்துக்குள் நிற்கிறது. லட்ச ரூபாய் போட்டால் மாதம் 125 ரூபாய் தேறுவதே கடினம். வாடகை எங்கே, இது எங்கே!

அதுவும் கைக்கு வருமா என்றால், பெரும்பாலும் வராது. அமெரிக்காவில் 1993 முதல் நடக்கும் எஸ்.பி.ஒய். என்ற நிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈவு கொடுக்கிறது. வருமானத்தில் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் நிதியே வரி கட்டவேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஆகவே நம் பங்கு ஈ.டி.எஃப்.கள் பலவும் கம்பெனிகள் தரும் ஈவை உள்ளேயே வைத்து மேலும் பங்கு வாங்கிவிடுகின்றன. அந்தப் பணம் எங்கும் போகவில்லை; யூனிட்டின் மதிப்பில் ஏறிக்கொள்கிறது.

கொடுக்கிற நிதியிலும் ஒரு விஷயம் உண்டு. 100 ரூபாய் யூனிட்டுக்கு 3 ரூபாய் ஈவு கொடுத்தால், அதன் மதிப்பு அன்றே 97 ஆகும். நம் கல்லாவிலிருந்து நாமே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது போலத்தான். இதை வெளியில் வந்த லாபம் என்று பலர் நினைத்ததால், செபி 2021 ஏப்ரல் முதல் பரஸ்பர நிதிகளில் 'டிவிடெண்ட்' என்ற பெயரையே மாற்றி, 'வருமானப் பகிர்வு மற்றும் முதல் திரும்பப் பெறுதல்' என்று எழுத வைத்தது. பெயர் நீளம்தான், ஆனால் உண்மையைச் சொல்கிறது.

பழைய ஈவுப் பட்டியலைப் பார்ப்பவர்கள் யூனிட் பிரிப்பையும் பார்க்கவேண்டும். நிஃப்டி பீஸ் யூனிட் 2019 டிசம்பரில் பத்தாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றிருந்தால், இன்றைய கணக்கில் அது ஒரு ரூபாய்தான்.

விகிதம் கூடுதலாகத் தெரிந்தாலும் மயங்கவேண்டாம். 2020 ஜனவரியில் 12,362 புள்ளியில் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610க்கு வந்தது. 100 ரூபாய்க்கு 1.30 ஈவு தந்த சரக்கு 62 ரூபாயானால், விகிதம் 2.1 சதவீதமாகிவிடும். ஈவு ஒரு பைசா கூடவில்லை, முதல்தான் கரைந்தது. தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்த பணத்தை இதில் போடக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

வரியையும் பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரல் முதல் ஈவுத் தொகை நம் வியாபார வருமானத்தோடு சேர்ந்து, நம் வரம்புக்கு ஏற்ப வரிக்கு உள்ளாகிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதி நிறுவனம் ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்தம். பங்கு ஈ.டி.எஃப். யூனிட்டையே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலோ, 2024 பட்ஜெட்டுக்குப் பின், இத்தகைய லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம்.

எனவே வாடகை கேட்ட உறுப்பினரிடம், ஈவைத் தேடாமல் சில ஆண்டு விட்டுவைத்து, தேவைப்படும்போது பத்து யூனிட், இருபது யூனிட் விற்றுக்கொள்ளச் சொன்னேன். வாடகை இப்போதைக்குக் கல்லாவிலிருந்தே போகிறது.