அடியாத மாடும் படியும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் சாம்பல்தீவு. மாடும் நாயும் மனிதரும் ஒரே வீதியைப் பங்குபோட்டு வாழும் கடலோர ஊர். இங்கே மிருகம் வளர்ப்பவர்கள் அதைப் புத்தகத்தில் படித்ததில்லை, அப்பு ஆச்சி சொல்லக் கேட்டும் பார்த்தும் கற்றவர்கள். அப்படி வந்த அறிவில் பெரும்பகுதி பொன்னானது. சில நம்பிக்கைகள் மட்டும் கன்றின் உயிரையோ மனித உயிரையோ விலையாகக் கேட்கின்றன. மிருகம் நமக்குத் தரும் பதிலை அதன் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்வதிலிருந்தே பல பிழைகள் தொடங்குகின்றன.

நம்பிக்கை: அடியாத மாடு படியாது.

உண்மை: இழுவை எந்த நொடியில் விடுபடுகிறதோ அந்த நொடியில்தான் மாடு படிகிறது. நாம்பனை வண்டிக்குப் பழக்கும் கைதேர்ந்த வண்டிக்காரரைக் கவனியுங்கள். மூக்கணாங்கயிற்றை வலப்பக்கம் மெல்ல இழுப்பார். நாம்பன் கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும். அவர் வெடுக்கென்று இழுக்கவும் மாட்டார், பிடியை விடவும் மாட்டார். தலை இரண்டு விரற்கடை திரும்பியதோ இல்லையோ, கயிறு தளர்ந்துவிடும். பத்துத் தரம் இப்படி நடந்தால், இழுபட்ட பக்கம் திரும்பினால் நிம்மதி என்று நாம்பனுக்குப் பிடிபட்டுவிடும். குதிரையைக் கடிவாளத்துக்குப் பழக்குவதும் இதே முறைதான். திரும்பிய பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், திரும்பியும் பயனில்லை என்பதையே அது கற்கும்.

காலையில் வாழைக்கன்றைத் தின்ற மாட்டைப் பின்னேரம் கட்டிவைத்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அடியையும் வாழையையும் மாடு தொடர்புபடுத்தாது. கயிறோடு வரும் ஆளைக் கண்டால் ஓடவேண்டும் என்பது மட்டும் அதன் மனதில் பதியும். அடுத்த நாள் அது பிடிகொடுக்காமல் ஓடும்போது, “இதுக்குச் சரியான கொழுப்பு” என்கிறோம்.

நம்பிக்கை: செய்த பிழை நாய்க்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்கும்.

உண்மை: அந்த முகத்தை வரவழைப்பது நம் ஏச்சு. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்கள் பங்குகொண்டன. தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். அது சில வேளை உண்மையாகவும் சில வேளை பொய்யாகவும் இருக்கும். காதை மடித்து, பார்வையைத் திருப்பி, வாலைத் தாழ்த்தும் அந்தக் “குற்ற முகம்” தின்ற நாயிடமும் தின்னாத நாயிடமும் ஏச்சு விழுந்தபோதுதான் தெரிந்தது. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாயிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

நம் உடலை வாசிப்பதில் மிருகங்கள் கெட்டிக்காரர்கள். 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. கேள்வி கேட்டால் விடை எண்ணிக்கைக்குக் குளம்பைத் தட்டும். ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907இல் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை தன்னையறியாமல் சற்று நிமிரும், குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது.

நம்பிக்கை: இளங்கொடி விழும்வரை கன்றுக்குக் கடும்புப்பால் கொடுக்கக்கூடாது, கழிச்சல் வரும்.

உண்மை: மிகக் கூடிய நட்டத்தைத் தரும் நம்பிக்கை இதுதான். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுவிடுகிறது. பசுவின் இளங்கொடி வழியாக அது கன்றுக்குப் போகாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது, அதற்குரிய காப்பு முழுவதும் கடும்புப்பாலில் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். முதல் ஆறு மணி நேரம் பொன்னான நேரம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு கடும்பு அன்றைக்கே உள்ளே போகவேண்டும். 20 கிலோ கன்றென்றால் இரண்டு லீற்றர், அதையும் ஒரே தரத்தில் இல்லாமல் பிரித்துக் கொடுப்பது நல்லது. காத்திருந்து கொடுத்தால்தான் கழிச்சலுக்கும் சாவுக்கும் வழி.

கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஓமோன் கருப்பையையும் சுருங்கச் செய்வதால், இளங்கொடி விழவும் அது உதவி. வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் கடந்தும் தொங்கினால் கையால் பிடித்து இழுக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள். பால் பெருகும் என்று, விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தில் தீங்கில்லை, நாய் இழுத்துத் திரியாது. பால் பெருகுவதற்கு ஆலமரம் போதாது, புல்லும் தண்ணீரும் வேண்டும்.

நம்பிக்கை: நாம் சாப்பிடுவதை ஊட்டுவதே மிருகத்துக்குக் காட்டும் அன்பு.

உண்மை: இந்த அன்புக்கு நீண்ட வரலாறு உண்டு. திருகோணமலைக் கோட்டை வாசற் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலை இன்றும் பார்க்கலாம். அந்தப் பாண்டியர்கள் பெரும்பொருள் கொடுத்து அரபு, பாரசீகக் குதிரைகளைக் கப்பலில் வரவழைத்தவர்கள். 1290களில் அவர்கள் நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்றும், பராமரிக்கத் தெரியாததால் அவை கொத்துக் கொத்தாகச் சாகின்றன என்றும் எழுதியிருக்கிறார். குதிரையின் இரைப்பை சிறியது, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்தது. மாப்பொருள் அளவுக்கு மீறினால் அது பெருங்குடல்வரை போய்ப் புளித்து, வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் கொண்டுவரும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது.

மாட்டுக்கும் மானுக்கும் வயிறு வேறு, ஆபத்து ஒன்றுதான். அசைபோடும் வயிற்றில் நார்ப்பொருளைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பட்டிப்பொங்கல் அன்று ஆளுக்கொரு வாளி பொங்கலை வைத்தால், மாப்பொருள் புளித்து அமிலம் பெருகி அந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மறுநாள் மாடு அசைபோடாது, வயிறு ஊதும், சாணி தண்ணீராகப் போகும், தவறினால் சாகும். படைத்த பொங்கலில் ஒரு கைப்பிடி போதும், மிச்சத்துக்குப் பச்சைப்புல் கொடுங்கள். கோட்டைப் பக்கம் நிற்கும் புள்ளிமான்களுக்குப் பாணும் சோற்றுப்பார்சலும் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பார்சல் தாளையும் மான் சேர்த்தே விழுங்குகிறது. செத்த மானின் வயிற்றை வெட்டினால் பொலித்தீன் பந்தாக வருவது அதனால்தான்.

நம்பிக்கை: விசர் நாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு ஓடும், வீட்டு நாயும் குட்டியும் கடித்தால் பயமில்லை.

உண்மை: அறிகுறி தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே உமிழ்நீரில் கிருமி வந்துவிடும். சில நாய்கள் ஓடாமல் மூலையில் ஒடுங்கிப் படுத்துக் கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கும் நோய் வரும். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். நோய் வெளிப்பட்ட பிறகு அனேகமாக யாரும் பிழைப்பதில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விசர் மாட்டுக்கும் வரும். வாயிலிருந்து எச்சில் வடிய, விழுங்க முடியாமல் மாடு நின்றால், தொண்டையில் பனங்கொட்டை சிக்கிவிட்டது என்று கையை உள்ளே விடாதீர்கள். முதலில் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: சுழி பார்த்தால் மாட்டின் குணமும் வீட்டின் அதிர்ஷ்டமும் தெரியும்.

உண்மை: முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்கக் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் குழுவினர் சுமார் 1,500 மாடுகளைக் கூண்டுச் சட்டத்துக்குள் நிறுத்திப் பார்த்து 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே அமைந்த மாடுகள் கூடுதலாகத் திமிறின, சுழி கீழே இருந்தவை அமைதியாக நின்றன. கருவில் தோலும் மூளையும் ஒரே படையிலிருந்து உருவாவது இதற்குக் காரணமாகலாம் என்கிறார்கள். சராசரியாகத் தெரிந்த ஒரு சாய்வு இது. தனி மாடொன்றின் தலையெழுத்தையோ அதை வாங்கியவரின் கடனையோ அது சொல்லாது. சுழி பிழை என்று நல்ல பசுவை அடிமாட்டு விலைக்கு விற்றவருக்குத்தான் நட்டம்.

நேற்றுவரை சாதுவாக நின்ற பசு இன்று கறக்கும்போது உதைத்தால், அதன் சுழி ஒரே இரவில் இடம் மாறிவிடவில்லை. காம்பில் வெடிப்பு இருக்கலாம், உண்ணி கடித்திருக்கலாம், மடி சூடாகிக் கட்டிபட்டு மடிவீக்கம் தொடங்கியிருக்கலாம். நெற்றியைப் பார்ப்பதற்கு முன் மடியைத் தொட்டுப் பாருங்கள்.