கிரகணம்: நிழல் எங்கே விழுகிறது? நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?



காலண்டரில் கிரகணம் என்று போட்டிருந்தாலே நம் வீடுகளில் பரபரப்பு தொடங்கிவிடும். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போடுவோம். சமைத்ததைக் கீழே கொட்டுவோம். தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திப் பார்ப்போம். மாசமாக இருக்கிற பெண்ணை இருட்டு அறையில் உட்கார வைத்து, "கிரகணம் விடுற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்போம். இதில் எது தேவை, எது தேவையில்லை? இந்த மாதப் பாடத்தில் அதைத் தெரிந்துகொள்வோம்.

கிரகணம் என்றால் என்ன?

கிரகணம் என்பது நிழல். அவ்வளவுதான். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை நாமே செய்து பார்க்கலாம். ஒரு டார்ச் லைட், உரித்த தேங்காய் ஒன்று, சின்ன எலுமிச்சம்பழம் ஒன்று போதும். டார்ச்தான் சூரியன், தேங்காய் பூமி, எலுமிச்சை நிலா. நிஜத்திலும் பூமியின் குறுக்களவில் நிலா கால்பங்குதான்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தேங்காய் மேல் அடியுங்கள். நடுவில் எலுமிச்சையைப் பிடித்தால் தேங்காய் மேல் ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக நிழல் விழும். இது சூரிய கிரகணம். அமாவாசையன்றுதான் வரும். இப்போது எலுமிச்சையைத் தேங்காய்க்குப் பின்னால் கொண்டு போங்கள். தேங்காயின் பெரிய நிழல் எலுமிச்சையை முழுசாக மூடிவிடும். இது சந்திர கிரகணம். பௌர்ணமியன்றுதான் வரும்.

அப்படியென்றால் மாதாமாதம் வர வேண்டாமா? வராது. நிலா சுற்றும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் நிழல் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது.

எங்கே தெரியும்?

சந்திர கிரகணத்தில் நிலா மேலேயே நிழல் விழுவதால், அந்த நேரத்தில் நிலா தெரிகிற ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்க்கலாம். பாதி உலகமே பார்க்கும். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரிந்த கிரகணத்தில் நிலா 82 நிமிடம் செம்பு நிறமாக இருந்தது.

சூரிய கிரகணம் அப்படியில்லை. எலுமிச்சையின் நிழல் தேங்காய் மேல் சின்ன இடத்தில்தானே விழுந்தது? அந்த நிழல் பூமியில் ஒரு பட்டை போல ஓடும். பட்டைக்குள் இருக்கும் ஊர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். பக்கத்து ஊர்களில் சூரியன் கடித்த அப்பளம் போல இருக்கும். தூரத்து ஊர்களில் ஒன்றுமே தெரியாது.

நிலா நமக்கு அருகில் வரும்போது சுமார் 3,56,000 கிலோமீட்டர் தூரத்திலும், விலகும்போது 4,06,000 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கும். விலகி இருக்கும்போது சின்னதாகத் தெரிவதால் சூரியனை முழுசாக மறைக்க முடியாது. சுற்றிலும் வளையல் போல ஒளி தெரியும். இதை வளைய கிரகணம் என்கிறோம்.

நம் பக்கம் வந்தவையும் வரப்போகிறவையும்:

• 1871 டிசம்பர் 12: முழு சூரிய கிரகணம். ஊட்டி, புதுக்கோட்டை பக்கம் தெரிந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் கப்பலேறி வந்து பார்த்தார்கள்.
• 2010 ஜனவரி 15: வளைய கிரகணம். கன்னியாகுமரி, தனுஷ்கோடியில் பகல் 1 மணிக்கு மேல் சுமார் 10 நிமிடம் வளையம் தெரிந்தது.
• 2019 டிசம்பர் 26: வளைய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டையில் காலை 9.30 மணி அளவில் தெரிந்தது. சென்னையில் வளையம் இல்லை, பிறைதான்.
• 2028 டிசம்பர் 31: முழு சந்திர கிரகணம். இரவு 10 மணிக்கு மேல் உச்சம். வானம் தெளிவாக இருந்தால் நம் வாசலிலேயே பார்க்கலாம்.
• 2031 மே 21: வளைய கிரகணம். தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் பட்டை போகும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆபத்து உண்டா?

இல்லை. ஒன்று யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எங்காவது ஒரு மூலையில் வருஷத்துக்கு இரண்டு சூரிய கிரகணமாவது வருகிறது. நமக்குத் தெரியாத கிரகணத்தன்று நாம் வழக்கம் போல் சாப்பிடுகிறோம், காய் நறுக்குகிறோம். யாருக்கு என்ன ஆயிற்று? நிழலுக்கு விஷம் கிடையாது. மேகம் மறைத்தாலும் நிழல்தான், நிலா மறைத்தாலும் நிழல்தான். அடியில் தட்டையாக இருக்கிற உலக்கை சாதாரண நாளிலும் நிற்கும். வேண்டுமானால் நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.

உதடு பிளந்து குழந்தை பிறந்தால், "கிரகணத்தப்போ அரிவாள்மணையைத் தொட்டிருப்பா" என்று தாய் மேல் பழி போடுகிறோம். பெற்ற வேதனையோடு இந்தப் பழியையும் அவள் சுமக்கிறாள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் உதடும் மேல் அண்ணமும் ஒன்றாகச் சேர வேண்டும். சில குழந்தைகளுக்குச் சேராமல் போகிறது. பரம்பரை, புகையிலை, சில மருந்துகள் என்று பல காரணம் இருக்கலாம். கிரகணம் காரணமில்லை. தாயின் குற்றமும் இல்லை. அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தலாம். உதட்டுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாத வயதிலேயே செய்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்.

உண்மையான ஆபத்து பட்டினியில்தான். சூரிய கிரகணம் மூன்று மணி நேரம் போல நடக்கும். சில வீடுகளில் அதற்குப் பல மணி நேரம் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாசமாக இருக்கிறவர் அத்தனை நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் மயக்கம், தலைவலி வரும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு இன்னும் ஆபத்து. வலி எடுத்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ "கிரகணம் விடட்டும்" என்று காத்திருக்கவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளிப்பது, சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். அதை யாரும் தடுக்கவில்லை. பசிக்கிறவருக்குச் சோறு கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

கண்ணில் மட்டும் கவனம்!

சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. உள்ளே விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. போன பார்வை திரும்பாமலே போகலாம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், கரி பூசிய கண்ணாடி, மஞ்சள் தண்ணீர் எதுவும் பாதுகாப்பு இல்லை. கிரகணம் பார்க்கவென்றே தயாரித்த தரமான கண்ணாடி வழியாக மட்டும் பார்க்கலாம்.

இன்னொரு சுலபமான வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இடியாப்பத் தட்டை வெயிலில் பிடியுங்கள். தரையில் விழும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் குட்டிப் பிறையாகத் தெரியும். வேப்பமர நிழலிலும் இதே பிறைகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணாலேயே தாராளமாகப் பார்க்கலாம்.

குழுவில் கலந்து பேச:

1. சூரிய கிரகணம் ஏன் எல்லா ஊரிலும் தெரிவதில்லை? தேங்காய், எலுமிச்சை வைத்து ஒருவர் விளக்குங்கள்.
2. நம் குழுவில் யாரெல்லாம் கிரகணத்தன்று பட்டினி இருந்திருக்கிறோம்? அன்று உடம்பு எப்படி இருந்தது?
3. அடுத்த கிரகணத்தன்று நம் தெருவில் கர்ப்பிணிகள் இருந்தால், அவர்கள் வேளைக்குச் சாப்பிட யார் போய் மாமியாரிடம் பேசுவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.