பனிக்காலத்தில் சுருட்டுப் பிடிப்போருக்கு

ரொறன்ரோவில் டிசம்பர் பிறந்துவிட்டால் சுருட்டுப் பிடிப்பவர் பாடு திண்டாட்டம்தான். வீட்டுக்குள் பிடிக்க விடமாட்டார்கள். விடாததும் நியாயமே, அந்தப் புகை திரைச்சீலையில் மட்டுமா தங்குகிறது, பிள்ளைகளின் நெஞ்சிலும் தங்குகிறது. ஆக, மார்ச் முடியும்வரை வெளியில்தான். குளிர் சுருட்டின் ருசியைக் கெடுத்துவிடும் என்று பலர் குறைப்படுகிறார்கள். குளிரைவிட அதிகம் கெடுப்பவை வறட்சியும் அவசரமும்தான். இரண்டையும் சமாளிக்கலாம்.

முதலில் உங்கள் ஹியூமிடர் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளிக்காற்றில் இப்போது நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து சூடானதும் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சுருட்டுக்கு வேண்டியதோ 65 முதல் 70 சதவீதம். பெட்டியை ஹீற்றர் காற்று வரும் துவாரத்தருகிலும், சில்லிட்ட வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள். உள்ளே போட்டிருக்கும் ஈரப்பதப் பொதி கோடையில் தாங்கிய காலம் விண்டரில் தாங்காது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, கல்லைப்போல் இறுகியிருந்தால் புதியது போடுங்கள். மரப்பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ஈரத்தை நன்றாகக் காக்கும்.

யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் சுருட்டை மடியில் செருகிக்கொண்டு திரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இத்தனை பக்குவம் மிகையாகத் தோன்றலாம். அங்கே கடற்காற்றே இலையை ஈரமாக வைத்திருந்தது. இங்கே ஜாக்கெற் பையில் இரண்டு நாள் மறந்து கிடந்த சுருட்டின் மேலிலை, தொட்டாலே உதிரும்.

குளிருக்கு எடுக்கவேண்டியது சின்னச் சுருட்டு. ஏழு அங்குலச் சர்ச்சிலைக் கோடைக்கு ஒதுக்கிவையுங்கள். ஐந்து அங்குல ரொபஸ்டோ முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும். பெற்றி கொரோனா அரை மணி நேரம். மேலிலையையும் பாருங்கள். பற்றவைத்ததும் உள்ளிருக்கும் புகையிலை சூட்டில் விரியும். வெளியிலையோ வறண்ட குளிரில் சுருங்கும். அந்த இழுபறியில்தான் சுருட்டு நெடுக வெடிக்கிறது. கனெக்டிகட் ஷேட், கேமரூன் போன்ற மெல்லிய இலைகள் சீக்கிரம் தோற்றுவிடும். கனெக்டிகட் பிராட்லீஃப் தடித்த இலை, கூடுதலாகத் தாங்கும். நுனியை வீட்டுக்குள் வைத்தே வெட்டிவிட்டு வெளியே போங்கள்.

லைற்றர் மக்கர் பண்ணுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பியூட்டேன் சுமார் 0 பாகை செல்சியஸுக்குக் கீழே வாயுவாக மாறாமல் திரவமாகவே நிற்கும். உடம்புச் சூடு படும் உள்பையில் லைற்றரை வைத்திருங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, அடிவட்டம் முழுதும் சிவக்கும்வரை பொறுமையாகச் சுற்றிச் சுற்றிப் பற்றவையுங்கள். ஒருபக்கம் விட்டுப்போனால், பனிக்காற்று மறுபக்கத்தை மட்டும் ஓடஓட எரிக்கும்.

அவசரம் எங்கே வருகிறதென்றால், கை விறைக்கத் தொடங்கும்போதுதான். சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே போகலாமென்று இழுப்பு கூடும், நெருப்புச் சூடேறும், வாய் கசக்கும். நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும். வாயிலிருந்து வருவதில் பாதி உங்கள் மூச்சின் ஆவி, ஆகவே புகையின் அளவைக் கண்ணால் கணக்கிடாதீர்கள்.

சுருட்டு உடம்பைச் சூடாக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நிகோட்டின் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கூடவே விஸ்கி குடித்தால் சூடேறியதுபோல் இருக்கும். உண்மையில் உடற்சூடு தோல்வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். காற்றோடு சேர்ந்த குளிர்க் குறியீடு −28ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை. அன்று வெளியே போகவே வேண்டாம். இதயநோய் உள்ளவர்களுக்குக் குளிரும் நிகோட்டினும் சேர்வது ஆபத்து. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது வேண்டாம் என்பது மட்டுமே. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களைச் சுருட்டு உண்டாக்கும். பழக்கமில்லாதவர் தொடங்கவேண்டாம். நிறுத்த நினைப்பவருக்கு, வெளியே போக மனம் வராத இந்த மாதங்களைவிட நல்ல தருணம் கிடைப்பது அரிது.

குளிருக்குப் பயந்து கராஜுக்குள் ஒதுங்குகிறவர்களிடம்தான் கண்டிப்பாகப் பேசவேண்டும். கதவை மூடிவிட்டுப் புரோப்பேன் ஹீற்றரைப் போடுவதும், காரை ஓடவிட்டுச் சூடு காய்வதும் உயிர் போகும் செயல். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சுருட்டு வாசத்தில் எதுவும் தெரியவும் போவதில்லை. காருக்குள் பிடிப்பவர்கள் நினைவில் வையுங்கள்: 16 வயதுக்குக் குறைந்தவர் உள்ளே இருந்தால் ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். கொண்டோவில் இருப்பவர்கள், பல்கனியில் புகைக்கக் கட்டட விதி இடம்கொடுக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் மிச்சத்தைப் பூச்சட்டியில் குத்தி அணைக்காதீர்கள். செடி பட்டுப்போன சட்டியின் மண்ணில் காய்ந்த வேரும் நாருமாக இருக்கும். நெருப்பு மணிக்கணக்கில் உள்ளே கனன்று, எல்லோரும் உறங்கியபின் பல்கனியைப் பற்றும். தகர வாளியில் மணலோ தண்ணீரோ விட்டு, அதில் போடுங்கள்.