ஹைப்ரிட் கார் கோளாறு: கன்ட்ரோல் மாட்யூல் மீது பழி போடும் முன்

(இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



"ஈ.சி.யூ. போயிடுச்சு சார், மாத்தணும்." ஹைப்ரிட் வண்டி ஒன்று எச்சரிக்கை விளக்கோடு வந்து நின்றால், வாயில் சுலபமாக வருகிற வார்த்தை இதுதான். புது மாட்யூலின் விலையைக் கேட்டால் வண்டிக்காரருக்குத் தலை சுற்றும். மாற்றிய பிறகும் அதே விளக்கு எரிந்தால்? அவர் பணமும் போச்சு, நம் பேரும் போச்சு. மாட்யூலைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

பாடத்துக்கு 2003 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் இது அபூர்வம்தான். ஆனால் இன்னோவா ஹைகிராஸ் போல இன்று நம் ரோட்டில் ஓடும் ஹைப்ரிட்களிலும் கோளாறு தேடும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

உள்ளே யார் யார்?

ஹைப்ரிட் காருக்கு ஒரே மூளை கிடையாது. என்ஜினுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. இவர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி ஹைப்ரிட் கன்ட்ரோல் மாட்யூல். 'கேன்' எனப்படும் இரண்டு முறுக்கு ஒயர்கள் வழியாக இவை பேசிக்கொள்கின்றன. பெரிய பேட்டரியில் 7.2 வோல்ட் தொகுதிகள் 28, மொத்தம் 201.6 வோல்ட். அதை மோட்டாருக்காக 500 வோல்ட் வரை உயர்த்துகிறார்கள். ஆனால் மாட்யூல்களுக்குச் சோறு போடுவது அதே பழைய 12 வோல்ட் பேட்டரிதான். இதை மறந்தால் வழி தவறிவிடும்.

முதலில் உயிர்

ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கை போகும் முன் வண்டியை ஆஃப் செய்து, சாவியைத் தூரமாக வையுங்கள். 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையில் காற்றடைத்து ஓட்டை இல்லை என்று பார்த்துப் போடுங்கள். சர்வீஸ் பிளக்கை உருவி உங்கள் பையிலேயே வையுங்கள். வேறு யாரும் மாட்டிவிடக் கூடாது. இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் வடிய மேனுவல் சொல்லும் நேரம் (மாடலைப் பொறுத்து 5 அல்லது 10 நிமிடம்) காத்திருங்கள். பிறகு மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே வேலை. இதில் அவசரப்பட்டால் நம்மைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள்.

தேடும் வரிசை

1. கோடுகளைப் படித்து எழுதுங்கள், உடனே அழிக்காதீர்கள். பி3000 என்று வந்தால் மேஸ்திரி கெட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. "பேட்டரி மாட்யூல் ஒரு புகார் சொல்கிறது" என்று அவர் நமக்குத் தகவல் தருகிறார், அவ்வளவே. புகார் என்ன என்பதைப் பேட்டரி மாட்யூலிடம்தான் கேட்க வேண்டும்.

2. 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். அது இளைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக வரும்.

3. மாட்யூலுக்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் லோடு வைத்துப் பாருங்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்ப் வைத்தால் மங்கும். கனெக்டரைக் கழற்றி, சப்ளை ஒயரில் மட்டும் இப்படிச் செய்யுங்கள். சிக்னல் ஒயரிலும் ஏர்பேக் ஒயரிலும் டெஸ்ட் லாம்ப் கூடவே கூடாது.

4. யு0111 போன்ற 'பேச்சு நின்றது' கோடு இருந்தால், 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கிடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஷார்ட்.

5. பேட்டரியில் 14 பிளாக்குகளின் வோல்ட்டேஜை ஸ்கேனரில் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பிளாக்கில் ஒன்று கூடி, இன்னொன்று குறைந்து, கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள சென்சிங் ஒயரைச் சந்தேகப்படுங்கள். செம்புப் பட்டையில் பச்சைக் களிம்பு பிடிப்பது இந்த வண்டியில் பழைய வியாதி.

ஏ.சி. எண்ணெய் செய்யும் வேலை

பி0ஏஏ6 என்றால் ஹை வோல்ட்டேஜ் எங்கோ பாடிக்குக் கசிகிறது என்று பொருள். கூடவே வரும் தகவல் எண் 611 என்றால் ஏ.சி. பகுதி, 612 பேட்டரி, 613 மோட்டார் உள்ள டிரான்ஸ்ஆக்ஸில். இந்தப் பிரியஸின் ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கென்று இன்சுலேஷன் குணமுள்ள தனி எண்ணெய் உண்டு. சாதாரண காருக்கு ஊற்றும் 'பேக்' எண்ணெயைக் கலந்துவிட்டால் கசிவு ஆரம்பித்துவிடும். இங்கே மாட்யூல் குற்றவாளி இல்லை. உண்மையைச் சொல்லும் சாட்சி! சாட்சியை மாற்றி என்ன பயன்? கசிவை அளக்க சாதாரண மீட்டர் போதாது, மெகர் வேண்டும்.

இத்தனையும் சரி, ஆனாலும் கோளாறு போகவில்லை என்றால், அப்போது தாராளமாக மாட்யூலை மாற்றலாம்.

நண்பர்களே, எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு ரிப்பேர் பில்லுக்காகத் தோடு அடகுக் கடைக்குப் போவது எனக்குப் புதிதல்ல. டாக்ஸி ஓட்டுபவருக்கு வண்டி நாலு நாள் நின்றால் நாலு நாள் அடுப்பு யோசிக்கும். பல்ப் வைத்துப் பார்க்க நமக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மனசாரச் செலவழிக்கும் டெக்னீஷியன்களாக நாம் வெளியே போவோம்!